பாதிக் களைப்பு

ஆம்பூருக்குக் கொஞ்சம் தள்ளிப் பாலாற்றங்கரையில் இருக்கிற தேவலேரி பூட்ஸ் கம்பெனிக்கு, அமெரிக்காவில் எங்கோ மூடிப்போன ஒரு கம்பெனியின் தையல் மெஷின்கள் கப்பலேறி வந்து இறங்கிய கோடையில்தான் பூங்காவனத்துக்குக் களைப்பு நின்றுபோனது.

அவளுக்கு மட்டும் இல்லை, அந்த மெஷின்களில் உட்கார்ந்த அத்தனை பெண்களுக்கும் நின்றுபோனது. ஆனால் முதலில் கவனித்தவள் பூங்காவனம்தான், ஏனென்றால் அதுவரை தேவலேரியில் அவள் அளவுக்குக் களைத்துப்போகிறவள் வேறு யாரும் இல்லை என்று அவளே பெருமையாக நம்பிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கி, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்குக் கொண்டுவந்து அவள் உட்காருகிற வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அவள் புருஷன் தணிகாசலம் வாயைத் திறக்க மாட்டான், திறந்தால் என்ன கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். புது மெஷினில் உட்கார்ந்த முதல் நாள் சங்கு ஊதியபோது, காலையில் உட்கார்ந்த அதே உடம்போடு எழுந்து நின்றாள். இடுப்பை அழுத்திப் பார்த்தாள், கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள், வலதுகால் பெருவிரலை நெட்டி முறித்துப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. எதையோ வைத்துவிட்டு வந்தது மாதிரி இருக்கவே, திரும்பிப் போய் ஸ்டூலுக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தாள்.

அந்த மெஷினின் கழுத்தில், ஊசிக்கு மேலே, சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. அமெரிக்காவிலும் மெஷினுக்குப் பொட்டு வைக்கிற புண்ணியவதி ஒருத்தி இருந்திருக்கிறாள் என்று பூங்காவனம் மனம் குளிர்ந்துபோனாள். அந்தப் புண்ணியவதியின் பக்திதான் தன் இடுப்பைக் காப்பாற்றுகிறது என்று முடிவுகட்டி, வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் பொட்டின் மேலேயே குங்குமம் வைத்து, முகம் தெரியாத அந்தம்மா நல்லா இருக்கணும் என்று கண்ணை மூடி ஒரு விநாடி நின்றுவிட்டுத்தான் தைக்க உட்காருவாள்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. கடைத்தெருவில் வலித் தைலம் விற்றுக்கொண்டிருந்தவர் சரக்கு தேங்கிப்போய், கொஞ்ச நாள் எல்லோரையும் சபித்துவிட்டு, அப்புறம் வளையலும் ரிப்பனும் வாங்கிப் போட்டுப் பிழைத்துக்கொண்டார். கோயில்காரர்கள் இது கெங்கையம்மன் செயல் என்றார்கள், பள்ளிவாசலில் ஒரு துவா ஓதினார்கள், சர்ச்சில் சாட்சி சொல்ல வந்த ஒரு தங்கச்சி நெடுநேரம் சாட்சி சொல்லியும் களைக்காததால் பாஸ்டரே கையைப் பிடித்து உட்காரவைக்க வேண்டியதாயிற்று. சாயங்காலமானால் சுருண்டு படுத்துக்கொண்டிருந்த பெண்கள் இப்போது சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வறண்ட ஆற்று மணலில் கபடி ஆடினார்கள், புருஷன்மார்கள் கரையில் உட்கார்ந்து குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒரேயொரு குறை இருந்தது. கம்பெனியில் நாள் முழுக்கத் தைத்தால் வராத களைப்பு, வீட்டில் நாலு தோசை சுட்டால் வந்துவிட்டது. அதனால் பெண்களுக்கு வீட்டைவிடக் கம்பெனியே பிடித்துப்போனது, விடுமுறை நாளை நினைத்தாலே பயமாக இருந்தது.

கம்பெனிக்காரர்களுக்குக் கண் இல்லாமலா போய்விடும்? களைக்காதவர்களுக்கு எதற்குப் பத்து மணி டீ என்று முதலில் டீயை நிறுத்தினார்கள். அப்புறம் டார்கெட்டை ஏற்றினார்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமையும் வேன் வந்தது. சூப்பர்வைசர் ஆரோக்கியதாஸ் கொஞ்சம் கூச்சத்தோடுதான் வந்து சொன்னார், பெண்கள் கையெடுத்துக் கும்பிடாத குறையாக ஒத்துக்கொண்டார்கள். பூங்காவனத்துக்கு அதில் தனிச் சந்தோஷம். மகள் யாமினி வேலூரில் நர்சிங் படிக்கிறாள், தினமும் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போய்வராமல் அவளை ஹாஸ்டலில் வைத்துப் படிக்கவைக்க இந்த ஞாயிற்றுக்கிழமைகள் உதவின. ஓவர்டைம் என்று யார் வாயைத் திறந்தாலும் முதல் கை பூங்காவனத்துடையது. பக்கத்து மெஷின் ஆள் லீவு போட்டால் அவள் வேலையையும் இழுத்துப்போட்டுத் தைத்தாள். ஒரு பொம்பளை ரெண்டு பொம்பளையாக இருக்க முடிந்தால் எந்தப் பொம்பளைதான் வேண்டாம் என்பாள்.

இப்படியே கோடை போய், மழை வந்து, பாலாற்றில் பேருக்கு ஒரு ஓடை ஓடி அதுவும் நின்றுபோன பிறகு ஒருநாள் காலையில், கம்பெனி வாசலில் ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு வெள்ளைக்காரம்மா இறங்கினாள்.

அறுபதைத் தாண்டியவள், கனத்த சரீரம், பூப்போட்ட சட்டை. ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி அவள் நிற்கிற வரைக்கும் உள்ளே இருந்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். தேவலேரிக்கு வெள்ளைக்காரர்கள் வந்தால் அது பூட்ஸ் வாங்குகிற கம்பெனியின் ஆள்தான், வேறு யாரும் வந்ததில்லை. ஆகவே வாட்ச்மேன் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார், ஆரோக்கியதாஸ் இளநீரோடு ஓடிவந்தார், உள்ளே துடைப்பங்கள் பறந்தன, ஒருபோதும் ஓடாத பெரிய ஃபேன் ஓடியது, மூலையில் பூட்டிக் கிடந்த முதலுதவிப் பெட்டியின் பூட்டைக்கூட யாரோ திறந்து வைத்தார்கள். அந்தம்மா இளநீரை வாங்கிக் குடித்தாள், நன்றி சொன்னாள், பூட்ஸ் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. லைன் லைனாக மெஷின்களைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்து, பூங்காவனத்தின் மெஷின் எதிரில் நின்றாள். குங்குமத்தைப் பார்த்தாள். விரல் நுனியால் அதைத் தொட்டு, அடியிலிருந்த சிவப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள், சிரிக்கச் சிரிக்க அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நசீமா அடுத்த மெஷினில் இருந்தாள். அவள்தான் எழுந்து வந்து கேட்டுச் சொன்னாள்.

"அக்கா, இவங்க பேரு லொரேனாம். சரக்கு வாங்க வந்தவங்க இல்லியாம். இந்த மெஷின்ல முன்ன இவங்கதான் தைச்சாங்களாம்."

பூங்காவனம் விருட்டென்று எழுந்து நின்றாள். "இவங்களா? பொட்டு வெச்ச மவராசியா?"

நசீமா கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அது பொட்டு இல்லியாம்க்கா. நெகப்பாலிஷாம். ஊசி ஒசரம் தெரியறதுக்கு அடையாளம் வெச்சாங்களாம்."

"ஐய, இருக்கட்டுமே," என்றாள் பூங்காவனம். "நான் வெச்சது குங்குமம்தான? ஒக்காரச் சொல்லு மொதல்ல. ஸ்டூல் அவங்களுதுதான்."

லொரேனை லோரம்மா ஆக்கிவிட ஊருக்கு ஒரு இளநீர் நேரம்தான் ஆனது. லோரம்மா தன் பழைய மெஷின் முன்னால் உட்கார்ந்து பேசினாள், நசீமா கையைக் கட்டிக்கொண்டு நின்று சொல்லச் சொல்ல, ஒவ்வொரு மெஷினாக ஓட்டம் நின்று, ஷெட்டே காதாகிப்போனது.

"மில்ஹேவன்னு ஊராம். பனி கொட்டுமாம். ஊருக்கே அந்த ஒரு பூட்ஸ் கம்பெனிதானாம். வேல வெளிநாட்டுக்குப் போவுதுன்னு ஒரு நாள் மூடிட்டாங்களாம். மூடினதும் ஊருக்கே தூக்கம் போயிடுச்சாம்க்கா. காலமெல்லாம் தைச்ச கை ராத்திரில போர்வைக்குள்ள சும்மா ஆடிக்கினே கெடக்குமாம். ஆம்பளைங்கதான் ரொம்ப மோசமாம். விடிஞ்சதும் காரை எடுத்துக்கினு போயி மூடின கம்பெனி வாசல்ல நிறுத்திட்டு, உள்ளயே குந்திக்கினு இருப்பாங்களாம், ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம. குடிச்சவங்க குடிச்சாங்களாம், ஊரை உட்டுப் போனவங்க போனாங்களாம். உடம்பு இம்மாம் பெருசு இருந்தும் அதால யாருக்கும் ஒபயோகம் இல்லியேன்னு தோணிப்போச்சாம்."

பூங்காவனம் லோரம்மாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது ஆள்காட்டி விரலில், தோல் தைக்கிறவர்களுக்கு வருகிற காய்ப்பு, தன் விரலில் இருக்கிற அதே இடத்தில் இருந்தது. வேலையை விட்டு இத்தனை நாள் ஆகியும் அது கரையவில்லை.

"அப்பால ஒரு நாள் ராத்திரி படுத்தாங்களாம், இடுப்பு வலிச்சுதாம். தைச்ச வலி. நல்லாத் தெரியுமாம் அவங்களுக்கு, வேற வலி இல்லியாம். அடுத்த தெருவுல இருக்கறவங்களுக்கும் அதே வலியாம். எல்லாரும் போன் போட்டுப் போட்டுச் சொல்லிக்கினு அழுதாங்களாம் சந்தோசத்துல. அன்னிக்கித்தான் ஊரு தூங்குச்சாம்." நசீமா லோரம்மாவிடம் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள். "மெஷினு எங்கியோ ஓடுது, யாரோ தைக்கறாங்க, களைப்பு மட்டும் வழி மாறாம நம்மகிட்டயே வருதுன்னு புரிஞ்சிக்கினாங்களாம். தைக்கறவங்க யாரோ, நல்லாத் தைக்கறாங்கன்னு பேசிப்பாங்களாம். ரொம்ப நன்றின்றாங்கக்கா. ஒங்களால தூங்கினோம், தூங்கினதாலதான் இருக்கோம்ன்றாங்க."

தேவலேரியில் யாரும் ஆச்சரியப்படவில்லை. போன களைப்பு எங்கேயாவது போயிருக்கத்தானே வேண்டும், காற்றிலா கரைந்துவிடும் என்று எல்லோருக்கும் உள்ளூர ஒரு உறுத்தல் இருந்திருக்கிறது. பூங்காவனம் மட்டும் கேட்டாள்.

"நன்றி சொல்லவா இம்மாந் தொலைவு வந்தாங்க? வேற இன்னாவோ கீது. கேளு."

லோரம்மா கடன் கேட்க வந்தவளைப்போல மடியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"இப்ப கொஞ்ச நாளா தாங்க முடியலியாம்க்கா. முன்னெல்லாம் ஞாயித்துக்கெழம வலி வராதாம், இப்ப அன்னிக்கும் வருதாம். ஒரு ஆளு வலி இல்லியாம், ரெண்டு ஆளு வலியாம். இவங்களுக்குக் காலைல கட்டில உட்டு எறங்க முடியலியாம். இதயம் வீக்கா கீற ஒரு அம்மா படுத்த படுக்கையா ஆயிட்டாங்களாம், இன்னும் கொஞ்ச நாளு இப்டியே போனா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். இவங்க கப்பல் கம்பெனில விசாரிச்சு மெஷினு வந்த ஊரக் கண்டுபிடிச்சி, தன்னோட காரை வித்துட்டு டிக்கெட் எடுத்து வந்தாங்களாம். ஞாயித்துக்கெழம ஒரு நாளு மட்டும் தைக்காம இருப்பீங்களான்னு கேக்கத்தான் வந்தாங்களாம். முடியலேன்னாலும் கோவம் இல்லியாம்."

பூங்காவனத்துக்குத் தலையிலிருந்து கால் வரைக்கும் சுட்டது. இழுத்துப்போட்டுத் தைத்த அடுத்தவள் வேலை, முதல் ஆளாகத் தூக்கிய கை, சாயங்காலம் ஆற்று மணலில் ஆடிய ஆட்டம் எல்லாம் கண்முன்னால் வந்து நின்றன. ரெண்டு பொம்பளையாக இருக்கிறோம் என்று நினைத்தது சரிதான், அந்த ரெண்டாவது பொம்பளை இதோ ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கோபம்கூட இல்லாமல். பூங்காவனம் தரையில் உட்கார்ந்து லோரம்மாவின் முழங்காலில் கைவைத்துக்கொண்டு அழுதாள்.

"தெரியாம பண்ணிட்டம்மா. சத்தியமா தெரியாது. எங்க களைப்ப எங்களுக்கே குடுத்துடும்மா. ஒனக்கு எதுக்கு இந்தப் பாடு?"

நசீமா அதைச் சொன்னதும் லோரம்மாவின் முகம் வாடியது. அவர்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் இருந்ததாம். ஷிஃப்ட் மாறும்போது எழுந்து போகிறவள் வந்து உட்காருகிறவளின் தோளில் கைவைத்து, இனிமே இது உன்னுது என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், சொல்லாமல் போனால் அந்த மெஷினின் களைப்பு எழுந்து போனவளோடேயே ஒட்டிக்கொள்ளும் என்பார்களாம். கடைசி நாள் அவர்களையே மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துப் பெட்டியில் கட்டச் சொன்னார்களாம், கட்டி முடித்ததும் பின்வாசல் வழியாக வெளியே விட்டுவிட்டார்களாம். தோளில் கைவைக்க எதிரில் ஆள் யாரும் இல்லை. அதனால்தான் களைப்பு இன்னும் பழைய வீட்டுக்கே வந்துகொண்டிருக்கிறது. இப்போது கைவைத்தால் தீர்ந்துவிடும், அது லோரம்மாவுக்கும் தெரியும்.

"ஆனா முழுசாக் குடுத்துட்டா அவங்களுக்குத் திரும்பவும் தூக்கம் போயிடுமேன்னு பயமா கீதாம்க்கா," என்றாள் நசீமா.

பூங்காவனம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாப்பாட்டு மணி அடித்தால் தேவலேரிப் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்ததும் முதல் காரியமாக எதிரில் இருப்பவளின் மூடியில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் மீதியைச் சாப்பிடுவார்கள், அது தயிர்சாதமானாலும் சரி, பிரியாணியானாலும் சரி. அந்தக் கையோடுதான் அவள் யோசித்தாள்.

"பாதி குடு," என்றாள். "பாதிய நீ வெச்சிக்க."

லோரம்மா எழுந்து, பூங்காவனத்தை ஸ்டூலில் உட்காரவைத்து, அவள் தோளில் கைவைத்தாள். முழுசாக வாங்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகப் பூங்காவனமும் எட்டி லோரம்மாவின் தோளில் தன் கையை வைத்தாள். இனிமே பாதி உன்னுது என்று இங்கிலீஷில் ஒருத்தி சொன்னாள், தமிழில் ஒருத்தி சொன்னாள், அவ்வளவுதான். வலி ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்த உறவுக்காரியைப்போல, இடுப்பில் மெல்ல வந்து உட்கார்ந்தது. பூங்காவனம் "ஸ்" என்றாள். லோரம்மா முதுகை நிமிர்த்தி நின்றாள்.

அப்புறம் ஷெட்டே வரிசையில் நின்றது. லோரம்மாவுக்கு எந்த மெஷினில் யார் உட்கார்ந்தார்கள் என்று தெரியும். ஒவ்வொரு மெஷினாகப் போய், அந்தந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, அவள் சார்பில் கைவைத்தாள். இதயம் வீக்கான அம்மாவின் மெஷின் வந்தபோது, அதில் இருந்த பெண் பதில் கை வைக்காமல் முழுசாகவே வாங்கிக்கொண்டாள். நசீமாவின் மெஷின் ஒரு தாத்தாவினுடையது, அவர் போன பனிக்காலத்திலேயே இறந்துபோயிருந்தார்.

"அப்போ என் களைப்பு யாருக்குப் போவுது?" என்று நசீமா தனக்காகக் கேட்டாள்.

அவருடைய நாய்க்கு என்றாள் லோரம்மா. அவர் நாற்காலிக்கு அடியிலேயே படுத்துக்கொண்டு, எந்நேரமும் தூங்கிக்கொண்டே இருக்கிறதாம்.

"யா அல்லா, வாயில்லா ஜீவனப் போயி பாடாப் படுத்திட்டனே," என்று நசீமா தலையில் அடித்துக்கொண்டு, அதையும் முழுசாகவே வாங்கிக்கொண்டாள். அன்று மதியத்துக்கு மேல் தேவலேரி ஷெட்டில் முதல் கொட்டாவி கேட்டது, அது ஒரு மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்குத் தாவி, கடைசியில் ஆரோக்கியதாஸ் வாயிலும் வந்து நின்றது.

லோரம்மா மறுநாள் வரைக்கும் பூங்காவனம் வீட்டில் தங்கினாள், தணிகாசலம் அவளைத் தன் ஆட்டோவிலேயே சென்னை ஏர்போர்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டான். அந்த வாரமே பெண்கள் போய் முதலாளி முன்னால் நின்றார்கள். பத்து மணி டீ வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வேன் வரக் கூடாது. முதலாளிக்கு வந்த கோபத்தில், மெஷினையெல்லாம் இன்னும் மலிவான தேசத்துக்கு அனுப்பிவிடுவேன் என்று கத்தினார். அவர் செய்யக்கூடியவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். பூங்காவனத்துக்கும் தெரியும், ஆனாலும் சொன்னாள்.

"அனுப்புங்க சார், ஒங்க மெஷினு. ஆனா ஒண்ணு, அங்க ஒக்காரப் போற பொண்ணுங்கள ஒரு நாளு இங்க வரவெச்சிடுங்க. அவங்க தோள்ல கைய வெக்காம நாங்க எழுந்திருக்க மாட்டோம்."

முதலாளிக்கு இது என்ன பேச்சு என்றே புரியவில்லை. புரியாத பேச்சுக்குப் பயப்படுவது முதலாளிகளின் சுபாவம், கையில் அவசர ஆர்டரும் இருந்தது. டீ வந்தது, ஞாயிற்றுக்கிழமை வேன் நின்றது. யாமினி ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு மறுபடியும் பஸ்ஸில் நசுங்கினாள், அம்மாவிடம் அதற்காக ரெண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் அம்மாவின் இடுப்பில் தைலம் தேய்த்துவிட்டாள். ரிப்பன் கடைக்காரர் பழைய தைலப் பாட்டில்களைத் துடைத்து முன்வரிசையில் வைத்தார்.

பூங்காவனம் பாதிக் களைப்போடு வாழப் பழகிக்கொண்டாள். முழுக் களைப்பைச் சுமந்தவளுக்குப் பாதி என்பது பெரிய காரியம். கபடிக்குப் போகிற அளவுக்குத் தெம்பு இருந்தது, போய்விட்டு வந்தால் தூங்குகிற அளவுக்கு வலியும் இருந்தது. வெள்ளிக்கிழமை நகப்பாலிஷின் மேல் குங்குமம் வைப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை, இப்போது பெயர் சொல்லி வேண்டிக்கொள்ள முடிந்தது. அவள் வேண்டியதெல்லாம் ஒன்றுதான், அந்தம்மாவுக்கு அங்கேயே ஒரு வேலை கிடைக்கணும்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து ஒரு வேலையும் செய்யவில்லை, பிரியாணியைக்கூடத் தணிகாசலமே கடையில் வாங்கிவந்துவிட்டான். சாப்பிட்டுவிட்டு வெயில் தாழக் காத்துக்கொண்டு பாயில் படுத்திருந்த பூங்காவனம், திடீரென்று தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பூங்கா?" என்றான் தணிகாசலம்.

"வலிக்குது."

"இன்னிக்கித்தான் நீ துரும்பக்கூட எடுத்துப் போடலியே."

பூங்காவனம் எழுந்து உட்கார்ந்தாள். இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், இடுப்பில் இல்லை. காலில் இல்லை. இது தையல் வலியே இல்லை. தோள்பட்டையில் தொடங்கி, முழங்கையில் இறங்கி, மணிக்கட்டில் வந்து திரும்பத் திரும்ப அழுத்தியது. அவளுக்கு இந்த வலி தெரியும். அவள் சின்ன வயதில் அவள் அம்மா ஹைவேஸ் ஹோட்டலில் பரோட்டாவுக்கு மாவு பிசைகிற வேலைக்குப் போய்வந்து, இதே இடத்தில்தான் பிடித்துவிடச் சொல்வாள்.

"இப்போ அமெரிக்காவுல மணி இன்னா இருக்கும்?" என்று கேட்டாள்.

தணிகாசலம் கணக்குப் போட்டான். "விடியக் காத்தால இருக்கும்."

விடியக் காத்தாலை, மாவு. ரொட்டிக் கடையாகத்தான் இருக்கும். பாதி கொடு என்று கேட்டபோது, பாதி அந்தப் பக்கத்திலிருந்தும் வரும் என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. பூங்காவனம் வாரிச் சுருட்டி எழுந்து, கலைந்த தலையோடு, வலிக்கிற தோளை ஒரு கையால் தாங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

"ஏ நசீமா! எல்லாரும் வாங்கடி! நம்ம லோரம்மாவுக்கு வேல கெடச்சிடுச்சி!"